சோதனைக்கு ஒரு சட்டம், வெளியீட்டுக்கு ஒரு சட்டமா?

கட்டடங்களுக்குக் கான்கிரீட் இடும்பொழுது, அதே கலவையிலிருந்து 15 செ.மீ. பக்கமுள்ள கனசதுரக் கட்டிகள் சில வார்த்தெடுக்கப்பெற்று, 28 நாட்கள் நீரில் பதப்படுத்தப்பெற்ற பின்னர் அழுத்தப் பொறியில் இட்டு நசுக்கிப் பார்க்கப்பெறுவதை வாசகர்கள் அறிவர். இச்சோதனையின் மதிப்பு முழுவதும் ஒரு நிபந்தனையைப் பொறுத்தது. கட்டியில் இட்ட கலவையும் கூரையில் இட்ட கலவையும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கட்டிக்கென்று மட்டும் மேஸ்திரி சற்றுக் கூடுதலாகச் சிமெண்டைச் சேர்ப்பாராயின், பொறி காட்டும் எண் பொய்யாகிவிடாது. ஆயினும் அவ்வெண் கட்டியின் வலிமையைக் கூறுமேயன்றிக் கூரையின் வலிமையைக் கூறாது.

மென்பொருள் துறையில் இந்நிபந்தனை நாள்தோறும் மீறப்பெற்று வருகிறது. மீறுவோர் அதை அறிந்து செய்வதில்லை என்பதே இதிலுள்ள அபாயம். சோதனையின்பொழுது நிரலை எந்த விதிகளின்படி மொழிபெயர்ப்பது, எந்தத் தவறுகளைத் தடுப்பது, எவற்றை விட்டுவிடுவது என்பனவற்றை நிர்ணயிக்கும் அமைப்புக் கோப்பு ஒன்று ஒவ்வொரு திட்டத்திலும் உண்டு. பெரும்பாலும் அது திட்டத்தின் முதல் நாளில் வேறெங்கிருந்தோ பிரதி செய்யப்பெற்று, பின்னர் எவராலும் திறந்து பார்க்கப்பெறாமல் கிடக்கும். அக்கோப்பில் உள்ள இரண்டொரு வரிகள் சோதனை அறிக்கை முழுவதன் பொருளையும் மாற்றிவிடக் கூடும்.

முதலில் வகைச் சரிபார்ப்பு என்பது யாது என்பதைச் சுருக்கமாகக் காண்போருக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்துத் தொடர் வருதல், மூன்று உள்ளீடுகளை வேண்டும் செயற்கூற்றுக்கு இரண்டே அளித்தல், இல்லாத புலத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டல் ஆகிய தவறுகளை, நிரலை ஓட்டிப் பாராமலே, அதன் எழுத்து வடிவத்தைப் படித்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கும் முறையே வகைச் சரிபார்ப்பு. பாஸ்கல், ஏடா, சி முதலிய மொழிகளில் இவ்வேலையைக் கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியே செய்து வந்தது. சரிபார்ப்பில் தேறாத நிரலுக்கு இயந்திர வடிவமே கிடைக்காதாகையால், சோதிப்போர் அதை மறந்தாலும் நிரல்பெயர்ப்பி மறவாது.

டைப்ஸ்கிரிப்ட் மொழியின் நிலை வேறு. ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்னும் மொழி வல்லுநரின் தலைமையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உருவாக்கி 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட இம்மொழி, ஜாவாஸ்கிரிப்டின்மீது வகைக் குறிப்புகளைச் சேர்த்து அமைந்ததாகும். ஓடும்பொழுது இக்குறிப்புகளுக்கு வேலை ஏதுமில்லை. சரிபார்ப்பு முடிந்ததும் அவை உதிர்க்கப்பெற்று, வெறும் ஜாவாஸ்கிரிப்டே எஞ்சி நிற்கும். ஆகவே இங்கு இரண்டு வேலைகள் உள்ளன: ஒன்று, குறிப்புகளைப் படித்துச் சரிபார்த்தல், மற்றொன்று, அவற்றை உதிர்த்தல். முன்னது கடினமானது, ஒரு கோப்பைச் சரிபார்க்க அது சார்ந்துள்ள கோப்புகள் அனைத்தையும் படித்தாக வேண்டும். பின்னதோ மிக எளிது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே எடுத்துச் செய்துவிடலாம். பின்னதை மட்டும் செய்து முன்னதை விட்டுவிட்டாலும் நிரல் ஓடும்.

இவ்வெளிமையிலிருந்தே சிக்கல் தோன்றுகிறது. ஜெஸ்ட் என்னும் சோதனைக் கருவியை டைப்ஸ்கிரிப்டுடன் இணைக்கும் டி.எஸ்.-ஜெஸ்ட், இயல்பான நிலையில் வகைகளையும் சரிபார்த்து, தவறு கண்டவிடத்துச் சோதனையையே தோல்வியாக அறிவிக்கும். ஆனால் கோப்புகளைத் தனித்தனியே மாற்றும் முறையைத் தேர்ந்தோ, தவறறிவிப்பை அணைத்தோ இக்காவலை நீக்கிவிடவும் வழியுண்டு. 2018-இல் வெளிவந்த பேபல் 7 வகைகளை உதிர்ப்பதோடு நின்றுவிடும். சரிபார்ப்பு அதன் வேலையன்று. பின்னர் வந்த இ.எஸ்.பில்ட், வைட்டெஸ்ட் முதலியனவும் வழக்கமான சோதனை ஓட்டத்தில் அவ்வாறே நடந்துகொள்வன. 2025 ஜனவரியில் வெளிவந்த நோட் 23.6 பதிப்பு முதல், தனிக் கட்டளை ஏதுமின்றியே டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளை அது நேரடியாக ஓட்டத் தொடங்கியது. வகைக் குறிப்பு இருந்த இடத்தை வெற்றிடமாக்கிவிட்டு ஓட்டும் இம்முறையில், திட்டத்தின் அமைப்புக் கோப்பு படிக்கப்பெறுவதே இல்லை. இக்கருவிகளின் ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. கையேடுகளில் தெளிவாகவே எழுதியுள்ளனர். கையேட்டைப் படிப்போர்தாம் குறைவு.

சரிபார்ப்பை விலக்குவோர் கூறும் காரணம் வேகம். அக்காரணத்தை இலேசாகத் தள்ளிவிடுதல் நியாயமன்று. ஒரு வரியைத் திருத்திவிட்டுச் சோதனையின் முடிவை அறிய ஒரு நிமிடம் காத்திருக்கும் நிரலாளர், நாளடைவில் அச்சோதனையை ஓட்டுவதையே குறைத்துக்கொள்வார். இரண்டு வினாடியில் முடிவு கிடைக்குமாயின் நாளொன்றுக்கு நூறு முறையும் ஓட்டிப் பார்ப்பார். அடிக்கடி ஓடும் எளிய சோதனை, எப்பொழுதாவது ஓடும் கடுமையான சோதனையினும் மிகுந்த பயன் தருவதுண்டு. மேலும், செய்து பார்க்கும் நிலையிலுள்ள நிரலில் வகைகள் பொருந்தாதிருப்பது இயற்கையே. பாதி எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை காண்பதால் யாருக்கு இலாபம்? ஆகவே நிரலாளரின் மேசையில் சரிபார்ப்பின்றிச் சோதனை ஓடுவது குற்றமன்று.

குற்றம் வேறிடத்தில் உள்ளது. மேசையில் விலக்கப்பெற்ற சரிபார்ப்பு வேறெங்கேனும், எவராலும் தவிர்க்க முடியாதவாறு, நடைபெறுகிறதா என்னும் வினாவை எழுப்புவார் இல்லை.

வெளியீட்டுக்கான நிரலைத் தொகுக்கும்பொழுது வகைச் சரிபார்ப்பு நடைபெறுவதாகவே கொள்வோம். அப்பொழுதும் சோதனைக் கோப்புகள் அத்தொகுப்பில் சேர்வதில்லை. பயனாளர்க்குச் செல்லும் பொருளில் சோதனைக் கோப்புகளுக்கு இடமில்லை என்பதால், அமைப்புக் கோப்பிலேயே அவை விலக்கப்பெற்றிருக்கும். அது முறையே. மறுபுறம், சோதனைக் கருவி அக்கோப்புகளை எடுத்து ஓட்டும். ஆனால் வகைகளை உதிர்த்துவிட்டு ஓட்டும். தொகுப்பவர் சோதனைக் கோப்புகளைப் பார்ப்பதில்லை. சோதிப்பவர் வகைகளைப் பார்ப்பதில்லை. கிழக்கு வாயிற் காவலன் மேற்கு வாயிலானை நம்பியும், மேற்கு வாயிலான் கிழக்கு வாயிற் காவலனை நம்பியும் உறங்கிய கதையே இது. நிரலாளரின் பதிப்புக் கருவி திறந்திருக்கும் கோப்பில் சிவப்புக் கோடு இட்டுக் காட்டும் என்பது உண்மை. திறவாத கோப்புக்கு அது காவலாகாது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மின்கட்டணத்தைக் கணக்கிடும் செயற்கூறு ஒன்று, அலகுகளின் எண்ணிக்கை, ஓர் அலகின் விலை ஆகிய இரண்டு உள்ளீடுகளைப் பெறுவதாகக் கொள்க. 100 அலகுக்கு 5 ரூபாய் வீதம் 500 ரூபாய் வருகிறதா என்று ஒரு சோதனை எழுதப்பெற்றுள்ளது. பின்னர், இணைப்பின் வகையை மூன்றாம் உள்ளீடாகக் கட்டாயம் அளிக்க வேண்டும் எனவும், வேளாண் இணைப்பாயின் சலுகை கணக்கிட வேண்டும் எனவும் விதி மாறுகிறது. நிரலில் அச்செயற்கூற்றை அழைக்கும் இடங்கள் யாவும் திருத்தப்பெறுகின்றன. நிரல்பெயர்ப்பி ஒன்றுவிடாமல் சுட்டிக்காட்டியிருக்கும். சோதனைக் கோப்பு மட்டும் பழையபடியே இரண்டு உள்ளீடுகளோடு நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் இதற்கு மறுப்புக் கூறாது. அளிக்கப்பெறாத மூன்றாம் உள்ளீடு ‘வரையறுக்கப்படாதது’ என்னும் மதிப்பைப் பெறும்; அது வேளாண் இணைப்பு அன்றாகையால் கணக்கு பழைய வழியே சென்று, அதே 500 ரூபாய் விடையாக வரும்; சோதனை வெற்றி என்று பச்சை நிறத்தில் அறிவிக்கப்பெறும். அச்சோதனை, உண்மையான நிரலில் எவரும் செய்யாத, செய்யவும் இயலாத ஓர் அழைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. புதிய சலுகை விதியையோ எதுவும் தொட்டுப் பார்க்கவில்லை. சோதனைக் கோப்பையும் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்திருப்பின், விதி மாறிய அன்றே அது சிக்கியிருக்கும்.

இதனினும் வியப்பான நிலை ஒன்றுண்டு. குறிப்பிட்ட ஒரு வரி வகைப் பிழையாகவே கருதப்பெற வேண்டும் என்று உறுதிசெய்யும் குறிப்பு ஒன்று, 2020-இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்ட் 3.9-இல் சேர்க்கப்பெற்றது. அவ்வரியில் பிழை இல்லையெனில் நிரல்பெயர்ப்பி முறையிடும். தவறான அழைப்புகள் தடுக்கப்பெறுகின்றனவா என்று சோதிக்க நூலகங்களின் ஆசிரியர்கள் இதைப் பெரிதும் கையாள்கின்றனர். வகைகளை உதிர்த்து ஓட்டும் கருவிக்கோ இக்குறிப்பு வெறும் குறிப்புரையே. ஆதலின் அத்தகைய சோதனை எந்நிலையிலும் தோற்காது. ஒருபோதும் தோற்க முடியாத சோதனையைச் சோதனை என்று அழைப்பது சொல்லுக்கு இழுக்கு.

இதுவரை கூறியது சரிபார்ப்பைப் பற்றியது. மொழிபெயர்ப்புத் தெரிவுகள் மாறுபடுமாயின், ஓடும் நிரலே மாறிவிடக் கூடும். ஜாவாஸ்கிரிப்டின் எந்த ஆண்டுத் தரத்துக்கு மாற்ற வேண்டும் என்னும் தெரிவை எடுத்துக்கொள்ளலாம். 2022-ஆம் ஆண்டுத் தரமோ அதற்குப் பிந்தியதோ தேர்ந்தெடுக்கப்பெறின், இனக்குழுக்களின் புலங்கள் உருவாக்கப்பெறும் முறையை டைப்ஸ்கிரிப்ட் தானாகவே மாற்றிக்கொள்ளும். தாய் இனக்குழுவில் மதிப்பு இடப்பெற்ற ஒரு புலத்தைச் சேய் இனக்குழுவில் வகையை மட்டும் குறித்து மறுமுறை அறிவித்திருப்பின், பழைய முறையில் அவ்வறிவிப்பு உதிர்ந்துபோகும். தாய் இட்ட மதிப்பு நிலைக்கும். புதிய முறையிலோ அப்புலம் மீண்டும் உருவாக்கப்பெற்று, தாய் இட்ட மதிப்பு அழிந்துவிடும். மூல நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சோதனைக்கு ஒரு தரமும் வெளியீட்டுக்கு மற்றொரு தரமும் குறித்த திட்டத்தில், சோதனையில் தேறிய நிரல் பயனாளரிடத்தில் பழுதுறுவதற்கு இந்த ஒரு வேற்றுமையே போதும்.

இக்குறை புதுமொழிகளுக்கே உரியதெனக் கருதலாகாது. சி மொழியில் ‘அசெர்ட்’ எனப்படும் உறுதிக் கூற்று, ஒரு நிபந்தனை பொய்யாயின் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். என்.டி.இ.பக் என்னும் பெயரை வரையறுத்து மொழிபெயர்த்தால் இக்கூற்றுகள் யாவும் மறைந்துவிடும். அவற்றுள் ஒன்றினுள் யாரேனும் ஒரு செயலையும் செருகி வைத்திருப்பின், அச்செயலும் சேர்ந்தே மறையும். சோதனையில் ஒழுங்காக நடந்த நிரல் வெளியீட்டில் வேறாக நடப்பதற்கு இஃது ஒரு பழைய காரணம். அனுபவமுள்ள நிரலாளர் பலர் ஒரு முறையேனும் இதில் இடறி விழுந்திருப்பர். லினக்ஸ் கருவில் 2009-இல் வெளிப்பட்ட குறையும் இவ்வகையைச் சார்ந்ததே. வலையமைப்பு இயக்கிகளுள் ஒன்று, ஒரு முகவரிச் சுட்டை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெறுமையானதா என்று பின்னர்ச் சோதித்தது. ‘பயன்படுத்தியாகிவிட்டதால் வெறுமையாயிருக்க இயலாது’ என்று முடிவுசெய்த ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பி, விரைவுபடுத்தும் பணியின்போது அச்சோதனையையே நீக்கிவிட்டது. மூல நிரலைப் படித்தவர் கண்ணுக்குக் காவல் இருந்தது. இயந்திர வடிவில் காவல் இல்லை. அது தாக்குதலுக்கு வழியாயிற்று. பின்னர், அத்தகைய சோதனைகளை நீக்கலாகாது என்னும் தெரிவுடனேயே கரு மொழிபெயர்க்கப்பெறலாயிற்று. பாதுகாப்பு அத்தனையும் கட்டளை வரியிலுள்ள ஒரு சொல்லில் தங்கியிருந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது.

சரிபார்ப்புக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தப் போய்ப் பெரும் பொருளை இழந்த வரலாறு, 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட ஏரியன் 5 ஏவுகலத்தின் முதற் பயணமாகும். பறப்பு வரிசை தொடங்கி ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் அது பாதை விலகிச் சிதறி வெடித்தது. ழாக்-லூயி லியோன்ஸ் என்னும் கணித அறிஞரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் தன் அறிக்கையை அளித்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய 64 இரும எண் ஒன்றை 16 இரும முழு எண்ணாக மாற்றும்பொழுது, அது கொள்ளளவை மீறிற்று. ஏடா மொழியில் எழுதப்பெற்ற அந்நிரலில், இவ்வாறு மீறக்கூடிய மாறிகள் ஏழு என முன்னரே கண்டறியப்பெற்று, நான்குக்கு மட்டுமே பாதுகாப்பு அமைக்கப்பெற்றிருந்தது. கணிப்பொறியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் வரையறை இருந்ததால், எஞ்சிய மூன்றும் எல்லை மீறா என்று கருதி விடப்பெற்றன. ஏரியன் 4-ஐப் பொறுத்தவரை அக்கருத்து பிழையன்று. அந்நிரல் அதற்கென எழுதப்பெற்றதே. ஏரியன் 5-இன் பாதை வேறு, வேகமும் வேறு. அப்புதிய பாதையின் விவரங்களைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்பெறவே இல்லை. முழு அமைப்பின் பாவனைச் சோதனைகளிலும் அக்கருவிக்குப் பதிலாக அதன் பாவனை நிரலே இடம்பெற்றது. க்ளஸ்டர் என்னும் நான்கு விஞ்ஞானச் செயற்கைக்கோள்கள் அன்று அழிந்தன.

இங்கு நிகழ்ந்தது வகைக் குறிப்பை உதிர்த்ததன்று. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் முறையாகாது. ஆயினும் இரண்டு செய்திகள் டைப்ஸ்கிரிப்ட் திட்டங்களுக்கும் அப்படியே பொருந்தும். வேகத்துக்காகக் காவலை நீக்கும் முடிவு, எடுத்த அன்று நியாயமாகவே இருக்கலாம். சூழ்நிலை மாறிய பின்னர் அம்முடிவை மறுபடி எடுத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் ஒப்படைக்கப்பெறவில்லை என்பது முதலாவது. பறக்கப்போகும் பொருளைச் சோதியாமல், அதைப் போன்ற ஒன்றைச் சோதித்தனர் என்பது இரண்டாவது.

செய்யத்தக்கது யாது என்பதில் நிபுணர்களிடையே பெரிய கருத்து வேற்றுமை இருக்க வேண்டியதில்லை. வெளியீட்டுக்குரிய அமைப்புக் கோப்பை மூலமாகக் கொண்டு, சோதனைக்குரிய கோப்பு அதிலிருந்து வழிவருமாறு அமைத்தல் வேண்டும்; டைப்ஸ்கிரிப்டில் இதற்கென்றே வசதி உண்டு. அவ்வாறு செய்யின் சோதனைக் கோப்பில் எஞ்சுவன வேறுபாடுகள் மட்டுமே. ஒவ்வொரு வேறுபாட்டின் பக்கத்திலும் அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைக்கலாம். எழுதக் காரணம் அகப்படாத வேறுபாட்டை நீக்கிவிடலாம். 2017 முதல் டைப்ஸ்கிரிப்டில் உள்ள ‘ஸ்ட்ரிக்ட்’ என்னும் கண்டிப்புத் தெரிவைச் சோதனைக்கு மட்டும் தளர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு ஏற்ற காரணம் காண்பது அரிது. சோதனை எழுதுவது சுலபமாக வேண்டும் என்பார்கள். நிரலைப் பயன்படுத்தும் முதல் வாடிக்கையாளரே சோதனைதான் என்பதை மறந்து கூறும் கூற்று அது.

நிரலாளரின் மேசையில் வகைகளை உதிர்த்து விரைவாக ஓட்டலாம். ஆனால் பலருடைய நிரல்களும் வந்து சேரும் பொதுக் களஞ்சியத்தின் வாயிலில், சோதனைக் கோப்புகள் உட்பட அனைத்தையும் முழுமையாகச் சரிபார்க்கும் தனி நடவடிக்கை ஒன்று இருந்தே தீர வேண்டும். கோப்பு எதையும் உற்பத்தி செய்யாமல் சரிபார்ப்பை மட்டும் நடத்தும் தெரிவு டைப்ஸ்கிரிப்ட் நிரல்பெயர்ப்பியிலேயே உண்டு. முன்னர்ச் சரிபார்த்தவற்றை நினைவில் வைத்து, மாறியவற்றை மட்டும் பார்க்கும் வசதியும் 2019-இல் வந்துவிட்டது. இவ்விரண்டையும் சேர்த்தால் செலவு பெரிதன்று. இதற்கு மேலும் ஒரு படி, வெளியீட்டுக்கெனத் தொகுத்த அதே பொருளின்மீது சோதனைகளுள் சிலவற்றையேனும் ஓட்டிப் பார்த்தலாகும். சிறு குழுக்களுக்கு இது பாரமாகத் தோன்றலாம்; மக்களின் பணமோ உடல்நலமோ சம்பந்தப்பட்ட நிரல்களுக்கு இதை விதியாகவே கொள்ளுதல் தகும்.

‘சோதனை நிரலை உண்மையில் ஓட்டிப் பார்க்கிறது, ஓடியபின் வகையைப் பற்றிக் கவலை எதற்கு?’ என்று வாதிடுவோரும் உளர். எழுதப்பெற்ற சோதனைகள் தொட்ட வழிகளைப் பற்றிய வரையில் அவ்வாதம் சரியே. சோதனை சில உள்ளீடுகளையே தேர்ந்து பார்க்கும். வகைச் சரிபார்ப்போ எழுதிய வரிகள் அனைத்தையும் ஒரு குறுகிய கோணத்திலேனும் பார்க்கும். மின்கட்டண எடுத்துக்காட்டில் சோதனை ஓடியது, சரியாகவும் ஓடியது, ஆனால் தவறான கேள்விக்கு விடை கூறிற்று.

வேகத்தைக் காரணங்காட்டும் வாதமும் வலுவிழந்து வருகிறது. டைப்ஸ்கிரிப்ட் நிரல்பெயர்ப்பியை கோ மொழிக்கு மாற்றி எழுதி வருவதாக 2025 மார்ச்சில் ஹெய்ல்ஸ்பெர்க் அறிவித்தார். சுமார் 15 இலட்சம் வரிகள் கொண்ட வி.எஸ்.கோட் நிரலைச் சரிபார்க்கப் பழைய நிரல்பெயர்ப்பிக்கு 77.8 வினாடியும், புதியதற்கு 7.5 வினாடியும் ஆயின என்று அவ்வறிவிப்பு கூறிற்று. பத்தில் ஒரு பங்கு நேரமே போதுமெனில், காவலை நீக்கிய பழைய முடிவுகளை ஒவ்வொரு திட்டமும் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அரசுத் துறைகள் பிறரிடம் எழுதி வாங்கும் மென்பொருள்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள எஸ்.டி.க்யூ.சி. இயக்ககம் மென்பொருள்களைச் சோதித்துச் சான்றளித்து வருகிறது. அது சோதனையின் ஒரு பக்கம். எழுதியவர் தாமே நடத்திய சோதனைகளின் அறிக்கை மறுபக்கம். பின்னதில் சோதனைகளின் எண்ணிக்கையும் வெற்றி விழுக்காடும் மட்டும் குறிக்கப்பெற்றிருந்தால், பெறுவோர் அதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. எந்த நிரல்பெயர்ப்பியின் எந்தப் பதிப்பு, எந்தத் தெரிவுகள், சோதனைக் கோப்புகளும் சரிபார்க்கப்பெற்றனவா, வெளியீட்டு அமைப்பிலிருந்து எவ்வெவற்றில் வேறுபாடு என்னும் நான்கு விவரங்களை அறிக்கையின் முதற் பக்கத்திலேயே கேட்டுப் பெறலாம். எழுதித் தருவோருக்கு அரை மணி நேர வேலைக்கு மேல் இதில் இல்லை. அமைப்புக் கோப்பின் பிரதியொன்றை இணைத்தாலே பாதி முடிந்துவிடும். ஒப்பந்த வாசகத்தில் இந்நான்கையும் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது; அடுத்த கொள்முதல் அறிவிப்பிலேயே சேர்க்கலாம்.